செஞ்சிச் சாலையும் செயின் சக்கரமும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருஞ்சாலை, ஒரு புறம் கிருஷ்ணகிரியும் மறுபுறம் ராஜகிரியும் நிமிர்ந்து நிற்க, அவ்விரு குன்றுகளுக்கும் நடுவே செஞ்சிக் கோட்டையை ஊடுருவிக்கொண்டு போகிறது. மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியில் சேர்த்து 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்த அந்தக் கோட்டையைக் காண வருகிறவர்களின் கண்கள், மதிலையும் கல்யாண மகாலையும் நாடுவது இயற்கையே. ஆனால் அந்த மதிலோரமாக, பின்னால் ஒரு மல்லாட்டை மூட்டையும் முன்னால் ஒரு பையனும் பக்கவாட்டில் இரண்டு பால் கேன்களுமாக ஓடிக்கொண்டிருக்கும் சிறிய மோட்டார் சைக்கிள், அதன் அளவில் மதில் கட்டியவர்களின் திறமைக்குச் சற்றும் குறையாத ஒரு யந்திர சாஸ்திரத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு போகிறது என்பதைக் கவனிப்பவர் குறைவு. வயலிலிருந்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும், கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும், அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்து மக்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை பெரும்பாலும் நூறு சி.சி. அளவுள்ள இவ்வண்டிகள்தாம்.

இவற்றின் சங்கிலி தேய்ந்துபோய், செயின் செட் மாற்றவேண்டிய சமயம் வரும்போது, மெக்கானிக் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "முன்னாடி ஒரு பல்லு கொறைச்சுப் போட்டா லோடு நல்லா இழுக்குமாண்ணே?" என்று விவசாயி கேட்பார், "ஒரு பல்லு ஏத்திப் போட்டா ஸ்பீடு வருமாண்ணே?" என்று கல்லூரி மாணவன் கேட்பான். இரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை போலத் தோன்றினும், இரண்டுக்கும் விடை ஒரே நியதியில் இருக்கிறது. அந்த நியதியை அறிந்துகொண்டால் விவசாயியின் எண்ணத்தில் நியாயம் உண்டு என்பதும், மாணவனின் ஆசையில் பிழை உண்டு என்பதும் தாமாகவே விளங்கும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சுபாவம் உண்டு. அது மெதுவாகச் சுழலும்போது பலவீனமானது. நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்களை எட்டும்போதுதான் அதன் முறுக்குவிசை உச்சத்தை நெருங்குகிறது. அந்த உச்சத்திலும் ஒரு நூறு சி.சி. எஞ்சின் தருவது ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலின் முனையில் முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமான எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான விசையே. சக்கரமோ, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதும் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 450 முறைதான் சுழல்கிறது. இவ்வளவு வேகமாகச் சுழன்று இவ்வளவு சொற்பமான விசையைத் தருகிற ஒன்றையும், மெதுவாகச் சுழன்று பெரும் விசையை வேண்டுகிற ஒன்றையும் இணைப்பதற்காகத்தான் எஞ்சினின் சுழற்சி வேகத்தை மூன்று கட்டங்களில் குறைக்கிறார்கள். எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையே ஒரு முறை. கியர் பெட்டிக்குள் ஒரு முறை. கியர் பெட்டியின் வெளிப்புறத் தண்டிலுள்ள சிறிய பல்சக்கரத்துக்கும் பின்சக்கரத்தோடு பிணைந்த பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே சங்கிலி வழியாகக் கடைசி முறை. முதலிரண்டும் எண்ணெயில் மூழ்கி, எஞ்சின் உறைக்குள் மூடிக்கிடப்பவை. மூன்றாவது கட்டம் ஒன்றுதான் வெளியே, சாமானியர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. செஞ்சி போன்ற சிற்றூரின் மெக்கானிக் கடையில், அரைமணி நேரத்தில், ஒரு வண்டியின் குணத்தை மாற்றிவிடக் கூடியதாயிருப்பதும் அதனால்தான்.

கணக்கின் எளிமைக்காக, முன்னால் 14 பற்களும் பின்னால் 42 பற்களும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் பல்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின் பல்சக்கரம் ஒரு சுற்று. விகிதம் சரியாக 3. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால், 42-ஐ 13-ஆல் வகுக்க 3.23 வருகிறது, விகிதம் ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்துவிட்டது. ஒரு பல்லைக் கூட்டி 15 ஆக்கினால் 2.8, ஏறத்தாழ 7 சதவீதம் தாழ்ந்துவிட்டது. இதே மாறுதலைப் பின்புறத்தில் செய்ய விரும்பினால் மூன்று பற்களைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். சிறிய சக்கரத்தில் ஒரு பல் என்பது பதினான்கில் ஒரு பங்கு. பெரிய சக்கரத்தில் அது நாற்பத்திரண்டில் ஒரு பங்கு. மலிவான முன் பல்சக்கரத்தை, அதாவது முன் ஸ்பிராக்கெட்டை, மாற்றுவதிலேயே மெக்கானிக்குகள் நாட்டம் கொள்வதற்கும், பின்புறத்தை நுட்பமான திருத்தத்துக்காக ஒதுக்கி வைப்பதற்கும் இந்தச் சிறு எண்கணிதமே காரணம்.

இனி விவசாயியின் கேள்விக்கு வருவோம். வண்டி 110 கிலோ. ஓட்டுபவரும் உடன் வருபவரும் சேர்ந்து 130 கிலோ. ஒரு மூட்டை 50 கிலோ. ஆக 290 கிலோ. வயலிலிருந்து ஏரிக்கரை மீது ஏறும் வண்டித்தடம் பத்தடிக்கு ஓரடி உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் பாரத்தை நழுவவிடாமல் பிடித்து நிறுத்தவே 29 கிலோ விசை வேண்டும். டயரின் உராய்வுக்கு மேலும் நான்கு கிலோவாவது சேர்க்கவேண்டும். இந்த 33 கிலோ இழுவிசையைத் தரையோடு பொருந்தும் டயரின் விளிம்பில் கொடுக்கவேண்டுமானால், அதைவிட மிகச் சிறிய ஆரமுள்ள பின் பல்சக்கரத்தைச் சங்கிலி ஏறத்தாழ 115 கிலோ விசையோடு இழுத்தாகவேண்டும். விரல் தடிமன்கூட இல்லாத அந்தச் சங்கிலி, ஒவ்வொரு ஏரிக்கரை ஏற்றத்திலும் ஒரு மூட்டை நெல்லைவிடக் கனமான பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஓடுகிறது! இப்போது முன்னால் 14 பல்லுக்குப் பதில் 13 பல் சக்கரம் இருக்குமானால், சங்கிலியின் இழுவை அப்படியே இருக்க, அந்த இழுவையை உண்டாக்க எஞ்சினிடம் கேட்கப்படும் முறுக்குவிசை ஏழு சதவீதம் குறைந்துவிடுகிறது. திணறி நிற்கவேண்டிய இடத்தில் எஞ்சின் திணறாமல் ஏறுகிறது. கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு அதைக் கருக்கவேண்டிய அவசியமும் குறைகிறது.

இதைக் கண்டு, அந்த ஒரு பல் எஞ்சினுக்குப் புதிய சக்தியைக் கொடுத்துவிட்டது என்று எண்ணுவது பலரும் செய்யும் பிழை. அதே ஏற்றத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு வேண்டிய சக்தி சுமார் இரண்டரைக் குதிரைச் சக்தி. 13 பல்லாயினும் 14 பல்லாயினும் 15 பல்லாயினும் அதில் அணுவளவும் மாறுதல் இல்லை. ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம் என்பார்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் உயரமான படிகளில் நேரே ஏறினாலும், தாழ்ந்த படிகளில் சுற்றிச் சுற்றி ஏறினாலும், உச்சியை அடையும்போது அவர் தம் உடலை உயர்த்துவதற்காகச் செய்து முடித்த வேலை ஒன்றே. முன்னதில் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் அதிகம் நோகும், பின்னதில் எண்ணிக்கை அதிகமான அடிகள் வைக்கவேண்டும். பல்சக்கரம் செய்வதும் இந்தப் பரிவர்த்தனைதான்: விசையைக் கொடுத்துச் சுற்றுக்களை வாங்குகிறது, அல்லது சுற்றுக்களைக் கொடுத்து விசையை வாங்குகிறது. இந்த வியாபாரத்தில் லாபமே கிடையாது. உராய்வினால் சிறிது நஷ்டம் உண்டு.

ஆயினும் லாபமில்லாத பரிவர்த்தனை என்பதற்காக அதைப் பிரயோஜனமற்றது என்று தள்ளிவிடக் கூடாது. கம்பெனியார் நிர்ணயிக்கும் விகிதம் ஒரு சமரசம். பட்டணத்தில் தனியாக அலுவலகம் செல்பவருக்கும், மலைநாட்டில் வசிப்பவருக்கும், சமவெளியில் மூட்டை ஏற்றுபவருக்கும் ஒருங்கே பொருந்தும்படி ஒரே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மனிதரின் குறிப்பிட்ட சாலைக்கும் பாரத்துக்கும் அந்தச் சமரசம் அப்படியே பொருந்தவேண்டும் என்பதில்லை. நான்கு கியர் வண்டிகளில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே விகிதம் ஏறத்தாழ கால்பங்கு வித்தியாசப்படுகிறது. முன் ஸ்பிராக்கெட்டின் ஒரு பல் அந்த இடைவெளியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. டாப் கியரில் திணறவும், மூன்றாவதில் வீணாக அலறவும் செய்கிற வண்டிக்கு, அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு படியை அமைத்துக் கொடுப்பதே ஒரு பல் குறைப்பதன் உண்மையான பலன்.

இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் அமெரிக்காவில் ஐடஹோ மாகாணத்தின் பாய்ஸி நகரில் ஹோண்டா வண்டிகளை விற்றுவந்த ஹெர்ப் ஊல் என்பவர். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஐம்பது சி.சி. சூப்பர் கப் வண்டி நகரத் தெருக்களுக்கென்று செய்யப்பட்டது. அவருடைய வாடிக்கைக்காரர்களோ மலைப்பாதைகளில் போகவேண்டியவர்கள். அவர் எஞ்சினைத் தொடவில்லை. பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம் ஒன்றைப் பொருத்தி, கரடுமுரடான டயர்களை மாட்டி விற்றார். அவர் கடையில் வண்டிகள் விற்ற வேகத்தைக் கண்டு வியந்த ஹோண்டா நிறுவனம், அந்த யோசனையையே ஏற்று, 1961-இல் டிரெயில் வண்டியை வெளியிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட பற்களுள்ள ஒரு பெரிய சக்கரமும், சாதாரணச் சாலைக்கு வேறொரு சிறிய சக்கரமும் அதன் பின்புறத்தில் அருகருகே இருந்தன. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, சங்கிலியோடு ஒரு துண்டைச் சேர்த்துப் பெரிய சக்கரத்தின் மீது மாட்டிக்கொண்டு ஏறினார்கள். தமிழ்நாட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையையோ, திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையையோ பாரத்தோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த வரலாற்றின் அருமை நன்கு புரியும். இறக்கத்திலும் இதனால் ஒரு நன்மை உண்டு. விகிதம் உயர்ந்த வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் எஞ்சின் வலுவாகப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்குகள் சூடேறுவது குறைகிறது.

இங்கே மொப்பட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஓசூரில் 1980-இல் பிறந்த டி.வி.எஸ். 50 முதல் இன்றைய எக்ஸ்.எல். வரை, நம் கிராமங்களின் உண்மையான பாரவண்டி அதுதான். அதில் காலால் மாற்றும் கியர்களே கிடையாது. எல்லாச் சாலைக்கும் எல்லாப் பாரத்துக்கும் ஒரே விகிதம். சுழற்சி வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும் தானே விரிந்து பற்றிக்கொள்ளும் கிளட்சு அதனுடையது. அத்தகைய வண்டியில் வேகத்துக்கு ஆசைப்பட்டு விகிதத்தைத் தாழ்த்தினால், பாரத்தோடு கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கிளட்சு முழுமையாகப் பற்றாமல் நீண்ட நேரம் வழுக்கிக்கொண்டு சூடேறும். சில மாதங்களில் அது பொசுங்கிப்போவதில் வியப்பில்லை. கியர் வண்டியில் தவறான பல்லை ஓரளவு கியர் மாற்றிச் சமாளிக்கலாம். மொப்பட்டில் அதற்கு வழியில்லை.

மாணவனின் ஆசைக்கு வருகிறேன். 15 பல் போட்டால் எஞ்சினின் அதே சுற்றுக்களில் வண்டி ஏழு சதவீதம் அதிக தூரம் போகும் என்பது உண்மை. ஆனால் எஞ்சின் அதே சுற்றுக்களை எட்டுமா என்பதே கேள்வி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதை வெல்ல வேண்டிய சக்தியோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போக இரண்டு குதிரைச் சக்திகூடத் தேவையில்லை; 80 கிலோமீட்டரில் போகச் சுமார் ஆறு வேண்டும். எட்டுக் குதிரைச் சக்திக்கு மேற்படாத எஞ்சின் அங்கேயே தன் எல்லையை நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஏழு சதவீத வேகம் கூடவேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்கு சக்தி கூடவேண்டும். அந்தச் சக்தியைப் பல்சக்கரத்தால் சிருஷ்டிக்க முடியாது. எனவே 15 பல் போட்ட வண்டி, டாப் கியரில் உச்ச சக்திக்குரிய சுற்றுக்களை எட்டமுடியாமல், எதிர்காற்று சிறிது வீசினாலே முன்னிருந்ததைவிட மெதுவாக ஓடுவதும் உண்டு. பிக்கப் குறைவதோ எல்லாச் சமயத்திலும் நிச்சயம். முந்திச் செல்ல வேண்டிய இடத்தில் உடனே எழும்பாத வண்டி, லாரிகள் நிறைந்த பெருஞ்சாலையில் ஆபத்தானது என்பதையும் அந்த இளைஞனுக்கு எடுத்துச் சொல்வது மெக்கானிக்கின் கடமை.

மைலேஜ் விஷயத்தில் மட்டும் பெரிய பல்லுக்குச் சிறிது நியாயம் உண்டு. தனியாக, சமவெளியில், ஒரே சீரான மிதவேகத்தில் போகிறவருக்கு எஞ்சின் குறைந்த சுற்றுக்களில் ஓடுவதால் உட்புற உராய்வு குறைந்து பெட்ரோல் ஓரளவு மிச்சமாகலாம். பாரம் ஏறியவுடனே அந்த மிச்சம் போய்விடும்.

இவ்வளவு கணக்குக்கும் அடிப்படையான சங்கிலியின் வடிவத்தை 1880-இல் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்னும் சுவிஸ் நாட்டவர் காப்புரிமை பெற்று உலகுக்கு அளித்தார். உருளையும் புஷ்ஷும் ஆணியும் கொண்ட அந்த அமைப்பு இன்றளவும் சாராம்சத்தில் மாறவில்லை. இன்று கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான் சங்கிலியும், அம்பத்தூர் டி.ஐ. நிறுவனத்தின் டைமண்ட் சங்கிலியும் நம் வண்டிகளில் ஓடுகின்றன. ஆணிக்கும் ஆணிக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இந்தச் சங்கிலி ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும்போது உண்மையில் வட்டமாகச் சுற்றுவதில்லை. பதினான்கு பல் சக்கரத்தில் அது ஒரு பதினான்கு பக்க உருவத்தைத்தான் வரைகிறது. ஆகவே எஞ்சின் சீராகச் சுழன்றாலும் சங்கிலியின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்குகிறது. 42 பல்லில் இந்த ஏற்ற இறக்கம் சதவீதத்தில் கால் பங்கு. 14 பல்லில் இரண்டரை சதவீதம். 13 பல்லில் மூன்று. 11 பல்லுக்குப் போனால் நான்கு. கண்ணிகள் மடங்கும் கோணமும் அவ்வாறே அதிகரிப்பதால் ஆணியும் புஷ்ஷும் விரைவில் தேய்கின்றன. ஒரு பல் குறைத்ததில் நன்மை கண்டவர் அதே உற்சாகத்தில் மூன்று பல் குறைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

வேலை நடைபெறும் விதத்தையும் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. கியர் லீவரைக் கழற்றி, இடப்புறத்துச் சிறு மூடியைத் திறந்தால், எண்ணெயும் செம்மண் புழுதியும் கலந்து கரிய களியாக அப்பியிருக்கும் அறைக்குள், உள்ளங்கையில் அடங்கக்கூடிய முன் ஸ்பிராக்கெட் தென்படும். களியைச் சுரண்டி, மண்ணெண்ணெயால் கழுவியபின், இரண்டே போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட ஒரு பூட்டுத் தகட்டை விடுவித்துத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பழையதைப் புதியதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். புதிய பற்கள் இருபுறமும் ஒத்த சரிவோடு நிற்கும். பழைய பற்கள் அலைபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனை கூர்ந்து, கொக்கி வடிவம் கொண்டிருக்கும். அந்தக் கொக்கிகளின் மீது புதுச் சங்கிலியைப் போடுவதும், புதுச் சக்கரத்தின் மீது நீண்டுபோன பழைய சங்கிலியைப் போடுவதும் ஒன்றையொன்று அழிக்கும் வேலை. செயின் செட்டின் மூன்று பாகங்களையும், அதாவது சங்கிலியையும் இரு பல்சக்கரங்களையும், சேர்த்தே மாற்றவேண்டும் என்று நல்ல மெக்கானிக்குகள் வற்புறுத்துவது வியாபார நோக்கத்தால் அன்று.

முன்னால் ஒரு பல் குறைந்தால் சங்கிலி சற்று நீண்டதாகிவிடும். பின் ஆக்ஸிலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால் அது சரியாகும். பின்னால் மூன்று பல் கூட்டினாலோ ஆக்ஸில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் முன்னே வரவேண்டியிருக்கும். சங்கிலியின் நீளம் இடங்கொடாவிட்டால் கண்ணிகளைச் சேர்க்கவேண்டும், அதுவும் இரண்டிரண்டாகத்தான். இருபுறத்துக் குறிகளும் ஒரே கோட்டில் நிற்கும்படி ஆக்ஸிலை இறுக்கி, கீழ்ப்புறச் சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை ஆடும்படி விடவேண்டும். செயின் லாக்கின் கிளிப்பு, சங்கிலி ஓடும் திசைக்கு முதுகைக் காட்டியபடி, வாய் பின்னோக்கி இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால் ஏதோ ஒரு கல்லில் இடித்துக் கழன்றுவிடும். முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக வேகத்தைக் காட்டும் வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் இதனால் மாறாது. கியர் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வண்டிகளில் 13 பல்லுக்குப் பின் அது உண்மையைவிட அதிக வேகத்தைக் காட்டும்.

ஆகவே செஞ்சிச் சுற்றுவட்டாரத்து வாசகர்களுக்கு என் அபிப்பிராயம் இது. தனியாகவோ இருவராகவோ தார்ச்சாலையில் போய்வருகிறவர் கம்பெனி வைத்த பல்லைத் தொடவேண்டாம். நாள்தோறும் மூட்டையும் கேனும் ஏற்றி ஏரிக்கரையும் மண்சாலையும் ஏறுகிறவர், அடுத்த முறை செயின் செட் மாற்றும்போது, முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். டாப் கியரில் எஞ்சின் முன்னைவிடச் சற்று அதிகமாகச் சத்தமிடும், பெட்ரோல் சிறிது கூடுதலாகச் செலவாகும், அவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். பல்லைக் கூட்டி வேகம் தேடுகிறவர்கள், அந்தப் பணத்துக்கு நல்ல டயர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.